துணை மருத்துவத்தில் முதுநிலைப் படிப்பு: சேருமுன் பெற்றோரும் பிள்ளைகளும் தெரிந்துகொள்ள வேண்டியவை

கும்பகோணம், சுவாமிமலை, பாபநாசம், இராஜகிரி, பண்டாரவாடை, அய்யம்பேட்டை, சக்கராப்பள்ளி என்று காவிரிக் கரையோரம் அடுத்தடுத்து இருக்கும் ஊர்களில், பிசியோதெரபி, லேப் டெக்னாலஜி, ரேடியாலஜி, ஆப்டோமெட்ரி போன்ற படிப்புகளை முடித்த பிள்ளைகள் இன்று பல வீடுகளில் இருக்கிறார்கள். டாக்டர் சீட் கிடைக்காமல் இந்தப் பக்கம் வந்தவர்களும் உண்டு, விரும்பியே வந்தவர்களும் உண்டு. பட்டம் கைக்கு வந்ததும் எல்லா வீட்டிலும் ஒரே கேள்விதான் எழுகிறது. இப்போதே வேலைக்கு அனுப்புவதா, இன்னும் இரண்டு வருடம் படிக்க வைப்பதா? மகனாக இருந்தால் வளைகுடா விசா ஒரு பக்கம் இழுக்கிறது. மகளாக இருந்தால் கல்யாணப் பேச்சு இழுக்கிறது.

இரண்டு வருடமும் சில லட்சங்களும் சம்பந்தப்பட்ட முடிவு இது. அதை அக்கம்பக்கத்தார் சொல்வதை வைத்தோ, கல்லூரி விளம்பரத்தை வைத்தோ எடுத்துவிடக் கூடாது. இரண்டு விஷயங்களை முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, இந்தத் துறையில் முதுநிலையின் கதவு பெரும்பாலும் இளநிலையிலேயே தீர்மானமாகிவிடுகிறது. இரண்டு, பட்டம் வேறு, தொழில் செய்யும் உரிமம் வேறு. கீழே வரும் விவரங்கள் அனைத்தும் இந்த இரண்டையும் சுற்றியே வருகின்றன.

1. துணை மருத்துவம் என்றால் எவையெல்லாம்?

நீண்ட காலமாக இந்தப் படிப்புகளுக்கு நாடு முழுவதற்கும் பொதுவான சட்டம் இல்லை. 2021-ல் நாடாளுமன்றம் தேசிய துணை மற்றும் சுகாதாரத் தொழில்கள் ஆணையச் சட்டத்தை நிறைவேற்றியது. பாடத்திட்டம், படிப்புக் காலம், பயிற்சி, பதிவு ஆகியவற்றுக்கு ஒரே அளவுகோல் கொண்டுவருவதே இதன் நோக்கம். மாநிலந்தோறும் ஒரு கவுன்சில் அமைத்து, தகுதி பெற்றவர்களைப் பதிவு செய்ய வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது.

சட்டத்தின் அட்டவணை பத்து பிரிவுகளைக் குறிப்பிடுகிறது:

மருத்துவ ஆய்வகம் மற்றும் உயிர் அறிவியல், விபத்து, தீக்காயம், அறுவை அரங்கம், மயக்க மருந்து சார்ந்த தொழில்நுட்பம், பிசியோதெரபி, ஊட்டச்சத்து, கண் பராமரிப்பு, ஆக்குபேஷனல் தெரபி, சமூகப் பராமரிப்பும் மனநலமும் சார்ந்த பணிகள், எக்ஸ்ரே, ஸ்கேன், கதிர்வீச்சு சிகிச்சை சார்ந்தவை, டயாலிசிஸ், இதயத் தொழில்நுட்பம், மூச்சு சிகிச்சை போன்றவற்றோடு பிசிஷியன் அசோசியேட்டும் அடங்கிய மருத்துவத் தொழில்நுட்பம், மருத்துவப் பதிவேடு மற்றும் தகவல் மேலாண்மை.

இதே சட்டம் இரு வகைப் பணியாளர்களைப் பிரித்துக் காட்டுகிறது. டெக்னீஷியன், டெக்னாலஜிஸ்ட் நிலையில் இருப்பவர்கள் 'துணை சுகாதாரப் பணியாளர்கள்'. இவர்களுக்கு 2 முதல் 4 ஆண்டுகளில் குறைந்தது 2,000 மணி நேரப் படிப்பு வேண்டும். தெரபிஸ்ட், விஞ்ஞானி போன்ற நிலையில் இருப்பவர்கள் 'சுகாதாரத் தொழில்முறையாளர்கள்'. இவர்களுக்கு 3 முதல் 6 ஆண்டுகளில் குறைந்தது 3,600 மணி நேரம் வேண்டும். ஊரில் மாடிப்படி ஏறும் இடத்தில் போர்டு மாட்டி, ஆறு மாதத்தில் 'பாராமெடிக்கல் டிப்ளமோ' தருகிறோம் என்பவர்களின் சான்றிதழ் எந்த அளவுக்குப் பயன்படும் என்பதை இந்த மணிக்கணக்கே சொல்லிவிடும்.

நர்சிங்கும் பார்மசியும் இந்தச் சட்டத்துக்குள் வரமாட்டா. அவற்றுக்குத் தனித்தனி கவுன்சில்கள் உள்ளன. காது கேட்பியல், பேச்சுப் பயிற்சி, மருத்துவ உளவியல், சிறப்புக் கல்வி ஆகியவை 1992-ம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இயங்கும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவாகின்றன.

2. எந்த இளநிலைக்கு எந்த முதுநிலை?

கலைப் பாடங்களில் வரலாறு படித்தவர் முதுநிலையில் அரசியல் அறிவியல் எடுக்கலாம். இங்கே அந்த வசதி குறைவு. சிகிச்சை சார்ந்த முதுநிலைகள் அதே பாடத்தில் இளநிலை முடித்தவர்களுக்கு மட்டுமே உரியவை.

பிசியோதெரபி: எம்.பி.டி. படிக்க பி.பி.டி. கட்டாயம். எம்.பி.டி. 2 ஆண்டுகள். எலும்பு மூட்டு, நரம்பியல், இதயம் மற்றும் நுரையீரல், விளையாட்டு, குழந்தைகள், பெண்கள் நலம் என்று பிரிவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இளநிலைக்குத் தேசிய ஆணையம் 2025-ல் வெளியிட்ட புதிய பாடத்திட்டம், ஓராண்டு இன்டர்ன்ஷிப் உட்பட 5 ஆண்டுகள் என்று வகுத்துள்ளது. அதற்கு முன் நாலரை ஆண்டுகளாக இருந்தது.

ஆக்குபேஷனல் தெரபி: எம்.ஓ.டி. படிக்க பி.ஓ.டி. வேண்டும். பக்கவாதம் வந்தவர் மீண்டும் சட்டைப் பொத்தான் போடவும், தானே சாப்பிடவும் பழக்குவது இவர்கள் வேலை. ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கும் இவர்கள் தேவைப்படுகிறார்கள். நம் பகுதியில் இந்தப் படிப்பின் பெயரே பலருக்குத் தெரியாது.

காது கேட்பியல் மற்றும் பேச்சுப் பயிற்சி: இளநிலை பி.ஏ.எஸ்.எல்.பி. 4 ஆண்டுகள். அதை முடித்தவர்கள் ஆடியாலஜியிலோ பேச்சு மொழி நோயியலிலோ 2 ஆண்டு முதுநிலை படிக்கலாம். மறுவாழ்வு கவுன்சில் பதிவு இல்லாமல் இந்தத் தொழிலைச் செய்ய முடியாது.

ஆப்டோமெட்ரி: பி.ஆப்டம் 4 ஆண்டுகள், அதன்மேல் எம்.ஆப்டம் 2 ஆண்டுகள். இந்தியாவில் நான்காண்டு ஆப்டோமெட்ரி பட்டப்படிப்பு 1985-ல் சென்னை சங்கர நேத்ராலயாவின் எலைட் ஸ்கூல் ஆஃப் ஆப்டோமெட்ரியில் தொடங்கியது. எனவே இந்தத் துறையில் தமிழ்நாட்டுக்கு நல்ல பெயர் உண்டு.

ரேடியாலஜி, டயாலிசிஸ், அறுவை அரங்கம், இதயத் தொழில்நுட்பம்: இவற்றில் அதே பிரிவு பி.எஸ்சி. முடித்தவர்களுக்கான எம்.எஸ்சி. இருக்கிறது. ஆனால் பல பிரிவுகளில் முதுநிலை நடத்தும் கல்லூரிகள் குறைவு.

டிப்ளமோ மட்டும் முடித்தவர்கள் நேரடியாக முதுநிலைக்குப் போக வழியில்லை. முதலில் பட்டம் முடிக்க வேண்டும். ஆகவே பிளஸ் 2 முடித்த பிள்ளைக்கு டிப்ளமோவா டிகிரியா என்று யோசிக்கும்போதே, பின்னால் முதுநிலை வேண்டுமா என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டியிருக்கிறது.

3. பொது அறிவியல் பட்டதாரிகளுக்கும் வழி உண்டு

நம் பிள்ளைகளில் பலர் கலை அறிவியல் கல்லூரிகளில் இயற்பியல், விலங்கியல், உயிர்வேதியியல் படிக்கிறார்கள். மருத்துவமனைப் பணிக்கு இவர்கள் வரவே முடியாது என்று எண்ண வேண்டாம்.

இயற்பியல் படித்தவர்களுக்கு மருத்துவ இயற்பியல். புற்றுநோய் மருத்துவமனையில் நோயாளிக்கு எவ்வளவு கதிர்வீச்சு, எந்தக் கோணத்தில் என்று கணக்கிட்டுச் சொல்பவர் மருத்துவ இயற்பியலாளர். சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. மருத்துவ இயற்பியல் இருக்கிறது. எம்.எஸ்சி. இயற்பியல் முடித்தவர்களுக்கு மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் கதிர்வீச்சு இயற்பியல் டிப்ளமோ இருக்கிறது. மருத்துவ இயற்பியல் எம்.எஸ்சி. முடித்தவர்கள் கதிர்வீச்சு சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனையில் ஓராண்டு இன்டர்ன்ஷிப்பும் முடிக்க வேண்டும். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதி இது.

உயிரியல் பாடங்கள் படித்தவர்களுக்கு, மருத்துவக் கல்லூரிகளில் நடக்கும் உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல், நுண்ணுயிரியல் ஆகிய மருத்துவ எம்.எஸ்சி. படிப்புகள் உள்ளன. இவை பெரும்பாலும் 3 ஆண்டுகள். சாதாரணக் கல்லூரியின் எம்.எஸ்சி.யும் மருத்துவக் கல்லூரியின் மருத்துவ எம்.எஸ்சி.யும் ஒன்றல்ல. பெயர் ஒன்றுபோல இருப்பதால் பலர் குழம்பிவிடுகிறார்கள்.

ஊட்டச்சத்துப் பாடம் படித்தவர்களுக்கு எம்.எஸ்சி. டயட்டெடிக்ஸ். இந்திய உணவியல் சங்கம் நடத்தும் 'பதிவு பெற்ற டயட்டீஷியன்' தேர்வை எழுத முதுநிலைத் தகுதியோடு மருத்துவமனையில் 6 மாத இன்டர்ன்ஷிப்பும் தேவை.

உளவியலில் எம்.ஏ. அல்லது எம்.எஸ்சி. முடித்தாலே 'கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்' ஆகிவிட முடியாது. மறுவாழ்வு கவுன்சில் அங்கீகரித்த, மருத்துவமனைப் பயிற்சியோடு கூடிய தொழில்முறைப் படிப்பை முடித்துப் பதிவு செய்தவரே அந்தப் பெயரில் பணிபுரியலாம்.

பொது சுகாதாரம், அதாவது எம்.பி.எச்., மருத்துவமனை நிர்வாகம் ஆகிய இரண்டும் எந்தத் துணை மருத்துவப் படிப்பு முடித்தவருக்கும் ஓரளவு திறந்திருப்பவை. சென்னையில் இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் எம்.பி.எச். நடத்துகிறது. நோயாளியைத் தொட்டுச் சிகிச்சை தரும் வேலையிலிருந்து விலகி, திட்டம், ஆய்வு, நிர்வாகம் என்று போக விரும்புகிறவர்களுக்கு இவை பொருந்தும்.

4. தொலைநிலைக் கல்வி: மிகுந்த கவனம் தேவை

கல்யாணமான பெண்களும், வேலைக்குப் போய்விட்ட ஆண்களும் வீட்டிலிருந்தே முதுநிலை படிக்க விரும்புவது இயல்பு. ஆனால் பல்கலைக்கழக மானியக் குழு 2025-ல் ஒரு முடிவை அறிவித்தது. தேசிய ஆணையச் சட்டத்தின் கீழ் வரும் சுகாதாரப் படிப்புகளை 2025 ஜூலை-ஆகஸ்ட் கல்வி அமர்வு முதல் தொலைநிலையிலோ ஆன்லைனிலோ நடத்தக் கூடாது என்பதே அந்த முடிவு. உளவியல், நுண்ணுயிரியல், உணவு மற்றும் ஊட்டச்சத்து அறிவியல், உயிரித் தொழில்நுட்பம், மருத்துவ ஊட்டச்சத்து ஆகியவையும் இந்தத் தடையில் அடங்கும்.

எனவே 'வீட்டிலிருந்தே எம்.எஸ்சி. டயட்டெடிக்ஸ்', 'வாரக் கடைசியில் எம்.எஸ்சி. சைக்காலஜி' என்று வரும் வாட்ஸ்அப் விளம்பரங்களை நம்பிப் பணம் கட்டிவிடாதீர்கள். கட்டணம் குறைவு என்பதற்காகச் சேர்ந்து, பிறகு பதிவும் கிடைக்காமல் பணமும் திரும்பாமல் நிற்க நேரிடும். நோயாளியின் அருகில் நின்று கற்க வேண்டிய தொழிலைத் தபாலில் கற்க முடியாது என்பதே இந்தத் தடையின் பின்னால் உள்ள காரணம்.

5. சுவாமிமலையிலிருந்து எங்கே போகலாம்?

சுவாமிமலையிலிருந்து கும்பகோணம் சுமார் 8 கி.மீ. தஞ்சாவூர், திருச்சிக்கு ரயிலும் பேருந்தும் உண்டு. நம் டெல்டாவில் 1959-ல் தொடங்கிய தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரியும், 2010-ல் வந்த திருவாரூர் மருத்துவக் கல்லூரியும், 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட நாகப்பட்டினம், அரியலூர் மருத்துவக் கல்லூரிகளும் இருக்கின்றன. தமிழ்நாட்டில் அரசுக் கல்லூரிகளின் துணை மருத்துவப் பட்டப்படிப்புகளுக்கு மாநிலத் தேர்வுக்குழு கலந்தாய்வு நடத்துகிறது. இதுவரை பிளஸ் 2 மதிப்பெண் அடிப்படையிலேயே அது நடந்து வந்திருக்கிறது. அரசுக் கல்லூரியில் இளநிலை கிடைத்தால் கட்டணம் மிகக் குறைவு. அங்கே மிச்சமாகும் பணம் முதுநிலைக்கு உதவும்.

முதுநிலைக்குக் கொஞ்சம் தூரம் போக வேண்டியிருக்கும். தமிழ்நாட்டில் இந்தப் படிப்புகளை நடத்தும் பெரும்பாலான கல்லூரிகள் சென்னை கிண்டியில் உள்ள தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. ஒரு கல்லூரிக்கு இளநிலை நடத்த அனுமதி இருந்தால் முதுநிலைக்கும் இருக்கிறது என்று பொருளல்ல. நீங்கள் கேட்கும் அந்தப் பிரிவுக்கு, அந்தக் கல்வியாண்டுக்கு இணைப்பு இருக்கிறதா என்பதைப் பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் நீங்களே பார்த்துவிடுங்கள்.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி, புதுச்சேரி ஜிப்மர், மைசூர் அகில இந்திய பேச்சு மற்றும் செவித்திறன் நிறுவனம் ஆகியவை தனி நுழைவுத் தேர்வு நடத்திச் சேர்க்கின்றன. மைசூர் நிறுவனம் மத்திய அரசின் நிறுவனம். காது கேட்பியல், பேச்சுப் பயிற்சி இரண்டிலும் நாட்டின் முதன்மை இடங்களில் ஒன்று. சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் இருக்கும் பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனமும் மறுவாழ்வுப் படிப்புகளை நடத்துகிறது. மத்திய அரசு நிறுவனங்களில் சீட் குறைவு, ஆனால் தனியாரை ஒப்பிடக் கட்டணமும் குறைவு. இளநிலையின் கடைசி ஆண்டிலேயே தேர்வுக்குத் தயாராகத் தொடங்கினால் நம் பிள்ளைகளாலும் முடியும், இன்ஷா அல்லாஹ்.

6. இடஒதுக்கீடும் பணமும்

தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 2007 முதல் 3.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு இருக்கிறது. லெப்பை (ராவுத்தர், மரைக்காயர் உட்பட), தக்னி, அன்சார், தூதேகுலா, மாப்பிள்ளை, ஷேக், சையத் ஆகிய பிரிவினர் இதில் அடங்குவர். சாதிச் சான்றிதழில் வெறும் 'முஸ்லிம்' என்று இருந்தால் ஒதுக்கீடு கிடைக்காது. பிரிவின் பெயர் தெளிவாக இருக்க வேண்டும். பள்ளிச் சான்றிதழில் ஒன்றும் சாதிச் சான்றிதழில் இன்னொன்றும் இருந்தால் கலந்தாய்வு நேரத்தில் சிக்கல் வரும். இன்றே எடுத்துப் பாருங்கள்.

மத்திய அரசு நிறுவனங்களுக்கு இந்த 3.5 விழுக்காடு பொருந்தாது. அங்கே ஓ.பி.சி. ஒதுக்கீடு. அதற்கு மத்திய அரசுப் படிவத்தில், வருமான வரம்பைக் காட்டும் தனிச் சான்றிதழ் பெற வேண்டும். மத்தியப் பட்டியலில் உங்கள் பிரிவு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

பண உதவியைப் பொறுத்தவரை, தேசிய சிறுபான்மையினர் வளர்ச்சி மற்றும் நிதிக் கழகத்தின் கல்விக் கடன் தமிழ்நாட்டில் 'டாம்கோ' வழியாகக் கிடைக்கிறது. குறைந்த வட்டிதான் என்றாலும் அதுவும் வட்டிதான். வட்டியே வேண்டாம் என்று உறுதியாக இருக்கும் குடும்பங்கள் வேறு வழி பார்க்க வேண்டியிருக்கும். ஜமாஅத்தின் ஜகாத் நிதி, ஊர் கல்வி அறக்கட்டளைகள், வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர்களின் சங்கங்கள் தரும் வட்டியில்லாக் கடன் ஆகியவை அவற்றுள் சில. இரண்டு வருடம் வேலை பார்த்துச் சேர்த்துக்கொண்டு பிறகு படிப்பதும் ஒரு வழிதான். அந்த அனுபவம் பின்னால் வேறு விதத்திலும் கைகொடுக்கும். அதைக் கீழே சொல்கிறோம்.

வெளிநாட்டில் முதுநிலை படிக்க விரும்புகிறவர்களுக்காக, 10 முஸ்லிம் மாணவர்களுக்குத் தலா ரூ.36 லட்சம் வரை உதவித்தொகை தரும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு அறிவித்திருக்கிறது. சிறுபான்மையினர் நலத்துறையின் அறிவிப்புகளைத் தொடர்ந்து கவனித்து வாருங்கள்.

7. முதுநிலை முடித்தால் இங்கே என்ன கிடைக்கும்?

இந்த இடத்தில் உண்மையை உள்ளபடியே சொல்ல வேண்டியிருக்கிறது. தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைகளுக்கு ஆள் எடுப்பது 2012-ல் அமைக்கப்பட்ட மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம். லேப் டெக்னீஷியன் போன்ற பல பணியிடங்களுக்கு அது கேட்கும் அடிப்படைத் தகுதி டிப்ளமோவே. பிசியோதெரபிஸ்ட் பணிக்கு இளநிலைப் பட்டம் போதும். ஆகவே அரசு வேலை ஒன்றுதான் குறி என்றால், முதுநிலைக்குச் செலவிடும் இரண்டு ஆண்டுகள் நேரடியாகப் பலன் தரும் என்று சொல்ல முடியாது.

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே போய் பிசியோதெரபி தருவதும், நோய்த்தணிப்புப் பராமரிப்பும் சேர்க்கப்பட்டன. இளநிலை முடித்தவர்களுக்கு இப்படிப்பட்ட பணிகள் நல்ல அனுபவம்.

முதுநிலை உண்மையாகவே பயன்படும் இடங்கள் மூன்று. ஒன்று, கல்லூரியில் கற்பிக்கும் பணி. பிசியோதெரபி, ஆப்டோமெட்ரி, காது கேட்பியல் கல்லூரிகளில் ஆசிரியராக முதுநிலை தேவை. இரண்டு, பெரிய மருத்துவமனைகளின் சிறப்புப் பிரிவுகள். பக்கவாதப் பிரிவு, தீவிர சிகிச்சைப் பிரிவு, பச்சிளங்குழந்தைப் பிரிவு போன்றவற்றில் நரம்பியல் அல்லது இதயப் பிரிவில் முதுநிலை முடித்த பிசியோதெரபிஸ்டுக்கு மதிப்பு அதிகம். மூன்று, சொந்த ஊரில் தனிச் சிறப்போடு மையம் தொடங்குவது. கும்பகோணம் பகுதியில் மூட்டு வலிக்கு மையங்கள் இருக்கலாம். குழந்தைகளின் பேச்சுத் தாமதத்துக்கும், பக்கவாதத்துக்குப் பின் கை பழக்குவதற்கும் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று விசாரித்துப் பாருங்கள். ஆள் இல்லாத இடமே படித்தவருக்கு வேலை உள்ள இடம்.

8. வளைகுடாவும் மற்ற நாடுகளும்

வளைகுடா நாடுகளில் துணை மருத்துவப் பணிக்கு உரிமம் கட்டாயம். துபாய், அபுதாபி, சவூதி, கத்தார், பஹ்ரைன், ஓமன் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி உரிம அமைப்பு உண்டு. பட்டச் சான்றிதழ், சொந்த நாட்டுப் பதிவு, பணி அனுபவம், கணினித் தேர்வு ஆகிய நான்கையும் பார்ப்பார்கள். சான்றிதழ்கள் 'டேட்டாஃப்ளோ' போன்ற நிறுவனம் வழியாகக் கல்லூரிக்கும் முன்னாள் மருத்துவமனைக்கும் நேரடியாக அனுப்பிச் சரிபார்க்கப்படும். காசு கொடுத்து வாங்கிய அனுபவச் சான்றிதழ் அங்கே பிடிபடும். பிடிபட்டால் அந்த ஒரு வேலை மட்டுமல்ல, உரிமம் பெறும் வாய்ப்பே போய்விடலாம்.

இங்கே பெற்றோர் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. முழுநேரமாக முதுநிலை படித்த இரண்டு ஆண்டுகள் பொதுவாகப் பணி அனுபவமாக எண்ணப்படுவதில்லை. இளநிலை முடித்து உடனே முதுநிலையும் முடித்த பிள்ளையிடம் அனுபவம் பூஜ்யமாக இருக்கும். பட்டம் இரண்டு இருந்தும் உரிமத்துக்கு விண்ணப்பிக்க முடியாமல் காத்திருக்க வேண்டி வரும். இளநிலை, பிறகு இரண்டு வருடம் நல்ல மருத்துவமனையில் வேலை, பிறகு முதுநிலை என்ற வரிசை வளைகுடாவைக் குறிவைப்போருக்குப் பொருத்தமாக இருக்கும்.

முதுநிலையின் பலன் தர வரிசையில் தெரியும். சவூதி சுகாதாரச் சிறப்புகள் ஆணையம் டிப்ளமோ முடித்தவரை டெக்னீஷியன் என்றும், இளநிலைப் பட்டதாரியை ஸ்பெஷலிஸ்ட் என்றும், முதுநிலையோடு உரிய அனுபவமும் உள்ளவரை சீனியர் ஸ்பெஷலிஸ்ட் என்றும் வகைப்படுத்துகிறது. டிப்ளமோவோடு போய் பத்து வருடம் அதே தரத்தில் இருந்துவிட்ட நம் சகோதரர்கள் பலருக்கு இந்த வேறுபாடு நன்றாகத் தெரியும்.

பிரிட்டனில் பிசியோதெரபி, ரேடியோகிராபி, டயட்டெடிக்ஸ் உள்ளிட்ட 15 தொழில்களைச் சுகாதார மற்றும் பராமரிப்புத் தொழில்கள் கவுன்சில் பதிவு செய்கிறது. ஆப்டோமெட்ரிக்கு வேறு கவுன்சில். அங்கே எம்.எஸ்சி. பிசியோதெரபி என்ற பெயரில் இரு வகைப் படிப்புகள் நடக்கின்றன. ஒன்று, பதிவுக்குத் தகுதி தரும் படிப்பு. மற்றொன்று, ஏற்கெனவே பிசியோதெரபிஸ்டாக இருப்பவர்களின் மேற்படிப்பு. இரண்டாவதை முடித்தால் பதிவு தானாக வராது, அதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். ஏஜென்ட் இதைச் சொல்லமாட்டார். அட்மிஷன் கடிதத்தில் எந்த வகை என்று எழுதி வாங்குங்கள். வகுப்புவழி முதுநிலை மாணவர்கள் கணவரையோ மனைவியையோ பிள்ளைகளையோ உடன் அழைத்துச் செல்லவும் 2024 ஜனவரி முதல் அங்கே அனுமதி இல்லை. திருமணமானவர்கள் இதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

சிங்கப்பூரில் பிசியோதெரபி, ஆக்குபேஷனல் தெரபி, பேச்சு சிகிச்சை, ரேடியோகிராபி, கதிர்வீச்சு சிகிச்சை ஆகியவற்றுக்குத் தனி கவுன்சில் பதிவு வேண்டும். உறவினர் அங்கே இருக்கிறார் என்பதால் மட்டும் வேலை கிடைத்துவிடாது.

9. பெண் பிள்ளைகளுக்கு

பிரசவத்துக்குப் பிந்தைய உடற்பயிற்சி, மார்பகப் புற்றுநோய் அறுவைக்குப் பின் கை வீக்கத்துக்கான சிகிச்சை, மேமோகிராம் எடுப்பது, சிறுநீர் கட்டுப்பாட்டுக்கான பயிற்சி ஆகியவற்றுக்கு நம் பெண்கள் ஆண் பணியாளரிடம் போகத் தயங்கி, நோயை வளர்த்துக்கொள்கிறார்கள். பெண் நிபுணர் வேண்டும் என்று எதிர்பார்க்கும் சமுதாயம், அந்த நிபுணரைத் தன் வீட்டிலிருந்து உருவாக்க இரண்டு வருடம் பொறுக்க வேண்டும்.

மகன்கள் வெளிநாட்டில் இருக்க, பக்கவாதம் வந்த அத்தாவையோ அம்மாவையோ வீட்டில் வைத்துப் பார்க்கும் குடும்பங்கள் டெல்டாவில் நிறைய. வீட்டுக்கு வந்து சிகிச்சை தரும் பெண் பிசியோதெரபிஸ்ட் அந்த வீடுகளுக்குப் பெரிய உதவி. பிசியோதெரபி, பேச்சுப் பயிற்சி, டயட்டெடிக்ஸ் ஆகியவற்றில் நேரத்தைத் தாமே வகுத்துக்கொண்டு வேலை செய்ய முடியும். இரவுப் பணி குறைவு. கல்யாணப் பேச்சு வரும்போது, படிப்பைத் தொடர்வதைப் பற்றி மாப்பிள்ளை வீட்டாரிடம் முன்கூட்டியே பேசித் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. பாதியில் நிற்கும் முதுநிலைக்குப் பதிவும் இல்லை, பலனும் இல்லை.

10. ஒரு சின்னக் கணக்கு

ஓர் உதாரணத்துக்கு, இளநிலை முடித்தவருக்கு மாதம் ரூ.18,000 சம்பளத்தில் வேலை கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதுநிலை படித்தால் 24 மாதத்தில் விட்டுப்போகும் சம்பளம் ரூ.4,32,000. கல்லூரிக் கட்டணம் ஆண்டுக்கு ரூ.1,50,000 என்றால் ரூ.3,00,000. விடுதியும் சாப்பாடும் மாதம் ரூ.8,000 என்றால் ரூ.1,92,000. மொத்தம் ரூ.9,24,000.

முதுநிலைக்குப் பிறகு சம்பளம் மாதம் ரூ.8,000 மட்டும் கூடினால், போட்டதை எடுக்க ஒன்பதரை வருடத்துக்கு மேல் ஆகும். ரூ.20,000 கூடினால் நான்கு வருடத்துக்குள் வந்துவிடும். உங்கள் பிள்ளைக்கு உண்மையில் எவ்வளவு கூடும் என்பதைக் கல்லூரி விளம்பரத்தில் தேடாதீர்கள். அதே பிரிவில் முடித்து மூன்று வருடமான இருவரைத் தேடிப்பிடித்துக் கேளுங்கள். பணம் மட்டுமே அளவுகோல் இல்லை என்பது சரி. ஆனால் நகையை அடகு வைத்தோ நிலத்தை விற்றோ கட்டும் குடும்பம் இந்தக் கணக்கைப் போடாமல் இருக்கக் கூடாது.

11. பணம் கட்டுமுன் கேட்க வேண்டிய கேள்விகள்

• இந்த முதுநிலைக்கு என் இளநிலைப் பட்டம் தகுதியானதா? எழுத்தில் தருவீர்களா?
• இந்தப் பிரிவுக்கு இந்த ஆண்டு எந்தப் பல்கலைக்கழக இணைப்பு இருக்கிறது?
• முடித்ததும் எந்தக் கவுன்சிலில் பதிவு செய்ய முடியும்?
• பயிற்சி எந்த மருத்துவமனையில்? எத்தனை படுக்கைகள்? தினம் எத்தனை நோயாளிகளைப் பார்க்க முடியும்?
• இந்தப் பிரிவில் முதுநிலை முடித்த ஆசிரியர்கள் எத்தனை பேர் முழுநேரமாக இருக்கிறார்கள்?
• அசல் சான்றிதழ்களைக் கல்லூரி வாங்கி வைத்துக்கொள்ளுமா? இடையில் நின்றால் கட்டணம் திரும்புமா?
• நான் போக நினைக்கும் நாட்டில் இந்தப் பட்டத்தை ஏற்கிறார்களா?

மருத்துவமனை இல்லாத கல்லூரியில், நோயாளியைப் பார்க்காமல் முதுநிலை முடித்தவரின் கை பழகாது. நான்காவது கேள்விக்கு நேரில் போய்ப் பார்த்துத்தான் பதில் தெரிந்துகொள்ள வேண்டும். காலை பத்து மணிக்குப் புற நோயாளிப் பிரிவில் அரை மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். கூட்டம் இருந்தால் அங்கே கற்க வழியிருக்கிறது.

பிளஸ் 2 படிக்கும் பிள்ளை இருக்கும் வீடுகளுக்கு ஒரு வேண்டுகோள். இளநிலையைத் தேர்ந்தெடுக்கும் நாளிலேயே அதன் முதுநிலை எது, பதிவு எங்கே, அந்தத் தொழில் எந்த நாட்டில் ஏற்கப்படுகிறது என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். இளநிலை முடித்த பிள்ளை இருக்கும் வீடுகள், பிள்ளையின் குறி கற்பிப்பதா, சிறப்புச் சிகிச்சையா, வளைகுடாவா, உள்ளூர் மையமா என்பதை முதலில் பேசி முடிவு செய்யுங்கள். அது தெளிவானால், முதுநிலை இப்போதா, இரண்டு வருடம் கழித்தா, தேவையே இல்லையா என்பதற்கும் பதில் கிடைத்துவிடும்.